அடிச்சவங்கதான் எடுக்கணும்

மைதானத்தை விட்டு அரை மைல் வந்த பிறகும் அவள் முதுகில் நாற்பத்தொன்று என்ற இலக்கம் அப்படியே இருந்தது. நாலு மூலையிலும் ஊசி குத்திய வெள்ளைத் துணி. அவள் முன்னால் நடந்தாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடந்தேன். சொன்னால் அவள் திரும்புவாள், திரும்பினால் முகத்தைப் பார்க்க வேண்டி வரும். சொல்லாமலே நடந்தேன்.

அக்காவின் மகள். பத்தொன்பது வயது. சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு அம்மாவோடு கொழுந்து பறிக்கிறாள். அன்றைக்கு ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, விடியுமுன் பஸ் ஏறி, இறம்பொடையிலிருந்து கண்டிப் பக்கம் இருக்கும் அந்த மைதானத்துக்கு வந்திருந்தோம். இருபது ஓவர் கிரிக்கெட் ஆடும் ஒரு கம்பனி டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவளுடைய பழைய விளையாட்டு டீச்சர் பெயர் எழுதிக் கொடுத்திருந்தார். ஆண்களுக்கு ஒரு டீம், பெண்களுக்கு ஒரு டீம். இரண்டுக்கும் ஒரே சட்டை, ஒரே முதலாளி.

தோட்டத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தோட்டத்தை ஒரு கம்பனி எடுப்பதும், இன்னொரு கம்பனிக்குக் கைமாறுவதும், பெயர்ப்பலகைக்குப் புதுப் பெயின்ட் அடிப்பதும் எங்கள் ஆட்களுக்குப் பழகிப் போனவை. டீமும் அப்படித்தான் என்றதும் அக்கா புரிந்துகொண்டாள். ஒன்று மட்டும் கேட்டாள்.

“கம்பனின்னா சரி. தொரை யாரு?”

பயிற்சி கொடுப்பது ஒரு அம்மா, முன்னே நாட்டுக்காக ஆடியவர் என்றேன். பொம்பளைத் தொரையா என்று அக்கா சிரித்தாள். அதற்குப் பிறகுதான் போய்வரச் சொன்னாள்.

தெரிவானவர்களின் பெயரை மூன்று மணிக்கு வாசிப்பார்கள். நாங்கள் ஒரு மணிக்கே கிளம்பிவிட்டோம். “போவோம் மாமா” என்றாள். நடந்ததை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அது விளங்க வேண்டுமானால் எங்கள் தோட்டத்து மைதானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோயிலுக்கும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்கும் நடுவே, மலையின் தோளில் வெட்டிய ஒரு தட்டு அது. ஒரு பக்கம் மண்மேடு. மறு பக்கம் சரிவு, அதன் கீழே தேயிலை. தேயிலைக் காட்டுக்கு நம்பர் போட்டு மலை என்றுதான் நாங்கள் சொல்வோம். அது பத்தாம் நம்பர் மலை. பத்தில் பந்து விழுந்தால் உருண்டுகொண்டே போகும். மழைக்காலம் என்றால் அட்டையும் சேர்ந்துகொள்ளும். எப்போதும் ஒரே ஒரு பந்துதான் இருக்கும். அது தொலைந்தால் அன்றைய ஆட்டம் முடிந்தது.

அதனால் யார் எப்போது வைத்தார்களோ தெரியாத ஒரு சட்டம் அங்கே உண்டு. பத்துக்குள் தூக்கி அடித்தால் அவுட். அதோடு அடிச்சவங்கதான் போய் எடுக்கணும். மட்டையைக் கீழே போட்டுவிட்டு, பந்து காற்றில் இருக்கும்போதே ஓட வேண்டும். விழும் இடத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். ஒரு தடவை கண்ணை எடுத்தால் போச்சு. தேயிலைச் செடி எல்லாம் ஒரே உயரம், ஒரே பச்சை. நானும் சின்ன வயதில் அங்கே ஆடியிருக்கிறேன். ஆட்டமும் வராது, பந்து தேடவும் வராது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஊர் சுற்றக் கிளம்பியவன் எதைத் தேடி எடுத்திருக்கிறேன்?

அவள் அப்படி இல்லை. எட்டு ஒன்பது வயதில் பையன்கள் அவளைச் சேர்த்துக்கொள்ளாமல், பத்துக்குள் போய் நின்று பந்து பார்க்கச் சொல்வார்களாம். நின்றாள். எந்த வரிசையில் எந்தச் செடிக்கு அடியில் விழுந்தது என்று பார்க்காமலே சொல்லும் அளவுக்கு நின்றாள். பிறகு ஒருநாள் ஆள் குறைந்தபோது மட்டை கைக்கு வந்தது. அதற்குப் பிறகு அவள் கையிலிருந்து யாரும் அதை லேசில் வாங்கியதில்லை. தரையோடு தரையாக, மேட்டுப் பக்கமாக, இடுக்குப் பார்த்துத் தட்டி ஓடுவாள். தூக்கி அடிக்கமாட்டாள். தூக்கி அடித்தால் அவுட்.

அந்தக் கம்பனி மைதானத்தில் காலையிலிருந்து எல்லாம் நன்றாகவே போனது. ஓடச் சொன்னார்கள், ஓடினாள். பிடிக்கச் சொன்னார்கள், பிடித்தாள். சப்பாத்து பக்கத்து லயத்துப் பையனுடையது. ஒரு அளவு பெரிது, நுனியில் பழந்துணி அடைத்திருந்தோம். அதோடும் ஓடினாள்.

நான் ஆடுகளத்தை அமுக்கும் பெரிய உருளைக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உருளைக்குப் பின்னால் உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. போன வருடம் அதே மைதானத்தில், அதே கம்பனியின் ஆட்டங்களுக்கு நான் வேலை செய்தவன். மழை வந்தால் ஆடுகளத்தின் மேல் பெரிய தார்ப்பாயை இழுத்து மூட வேண்டும். பன்னிரண்டு பேர். ஆளுக்கு ஒரு பிடி. மூலைப்பிடி என்னுடையது. ஆண்கள் ஆட்டம் ஒரு நாள், பெண்கள் ஆட்டம் மறுநாள், மழை இரண்டு நாளும். வேலை கஷ்டமில்லை. மன்னாரில் இறால் பண்ணை வேலை இருக்கிறது என்று ஒருவன் சொன்னான். யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். மறுநாள் மழையில் என் மூலையைக் காற்று தூக்கி, ஆடுகளத்தின் ஒரு முனை நனைந்து, ஆட்டம் நேரத்துக்குத் தொடங்கவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். மைதானப் பொறுப்பாளர் ஒரு சிங்களப் பெரியவர், திட்டத் தெரியாத மனிதர். அவர் கண்ணில் படக்கூடாது என்றுதான் அந்த உருளை.

மட்டை பிடிக்க ஆளுக்குப் பன்னிரண்டு பந்து. முதல் இரண்டைப் பார்த்து ஆடலாம். மற்றதெல்லாம் அடிக்க வேண்டும். இருபது ஓவர் ஆட்டத்தில் தூக்கி அடிக்காதவளை வைத்து என்ன செய்வது? அவளுக்கு முன் வந்த பிள்ளைகள் தூக்கித் தூக்கி அடித்தார்கள். இவள் ஏழு பந்தை ஆடினாள். ஏழும் புல்லோடு போயின. ஒன்றைக்கூட யாராலும் தடுக்க முடியவில்லை. ஆனால் ஒன்றுகூட முழங்காலுக்கு மேல் எழவில்லை.

பயிற்சி அம்மா அவளிடம் நடந்து வந்து தோளில் கைவைத்து ஏதோ சொன்னார். பயப்படாதே, அவுட் ஆகமாட்டாய் என்று சொன்னதாக அவள் பிறகு சொன்னாள். கடைசியாக ஒரு வார்த்தை எனக்கும் கேட்டது. “கஹன்ன.” அடி.

எட்டாவது பந்தை அடித்தாள்.

நான் ஊர் ஊராகச் சுற்றியவன். துறைமுகத்தில் வெடி வைத்ததையும், இரத்தினபுரியில் மாணிக்கக் குழி சரிந்ததையும் கேட்டிருக்கிறேன். அந்த மட்டையின் சத்தம் அவற்றைப் போல இல்லை. கதவைச் சாத்துவது போல ஒரு சத்தம், அவ்வளவுதான். பந்து எல்லைக் கயிற்றைத் தாண்டி, டயர் வரிசையைத் தாண்டி, உண்ணிப் புதருக்குள் போனது. அது விழுவதற்குள் அவள் மட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தாள்.

பந்து வீசியவளைத் தாண்டி, நடுவில் நின்றவளைத் தாண்டி, காலில் கட்டிய பேடுகளோடு, தலை மேலே, கண் பந்தின் மேலே. முதலில் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு சிரித்தார்கள். கூப்பிட்டார்கள். அவளுக்குக் கேட்கவில்லை. கயிற்றைத் தாண்டிப் புதருக்குள் போய்விட்டாள். எனக்கு மட்டும் விளங்கியது. நான் எழுந்து நின்றேன், பிறகு அந்தப் பெரியவரைப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டேன். அப்படி உட்கார்ந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கம்தான்.

திரும்பி வந்தபோது முழங்கால் வரை நனைந்திருந்தாள். புதருக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் கான் ஒன்று உண்டு. பந்தைக் காற்சட்டையில் துடைத்து, பந்து வீசியவளின் கையில் கொடுத்தாள். கையுறையைக் கழற்றத் தொடங்கினாள். அவளைப் பொறுத்தவரை அவள் அவுட். ஆனால் அதற்குள் நாற்பத்திரண்டாம் இலக்கக்காரி வந்து நின்று, வேறு பந்தில் ஆடிக்கொண்டிருந்தாள். மீதி நாலு பந்து போனது போனதுதான். நேரம் குறித்து நடத்துகிறார்கள், யாரைக் குற்றம் சொல்வது?

கூடாரத்தில் ஒரு பிள்ளை நல்ல மனதோடுதான் அவளிடம் சொன்னாள், இங்கே பந்து எடுக்க ஆள் இருக்கிறது என்று. அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. முகத்தில் ஒன்றும் இல்லை. சப்பாத்தை மாற்றவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. பையை என்னிடம் கொடுத்தாள்.

மெயின் ரோட்டுக்கு வந்து நுவரெலியா பஸ்ஸில் ஏறினோம். நின்றுகொண்டுதான் வந்தோம். புசல்லாவையில் அவளுக்கு ஓர் இருக்கை கிடைத்தது. முதுகைச் சாய்த்தபோது ஊசி உறுத்தியிருக்க வேண்டும், அப்போதும் கழற்றவில்லை. கொத்மலை நீர்த்தேக்கம் கீழே தெரியத் தொடங்கியபோது பேசினாள்.

“சிக்ஸுக்கு ஓடிப் போய் பந்து எடுத்தவ ஒலகத்துலயே நான் ஒருத்திதான் மாமா.”

“எடுத்துட்டல்ல” என்றேன்.

“எடுக்காம? விழுந்த எடம் தெரியுமே.”

அதற்குப் பிறகு கொஞ்சம் சிரித்தாள். நானும் சிரித்தேன். முன் சீட்டு அம்மா திரும்பிப் பார்த்தார்.

சுரங்கப்பாதைக்குக் கொஞ்சம் முன்னால் என் போன் அடித்தது. படிவத்தில் என் நம்பரைத்தான் எழுதியிருந்தோம். சிங்களத்தில் ஒரு பெண் குரல், நாற்பத்தொன்றாம் இலக்கம் எங்கே, ஏன் போய்விட்டீர்கள் என்று கேட்டது. நான் பதில் சொல்லத் தொடங்கியதும் பஸ் சுரங்கத்துக்குள் நுழைந்து சத்தம் நின்றுபோனது. அந்த இருட்டில் அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்ன வயதில்கூட அவள் அப்படிப் பிடித்ததாக எனக்கு நினைவில்லை. வெளியே வந்த பிறகு போனில் சிக்னல் கோடு வரவில்லை. இறம்பொடையில் இறங்கி, கடையோரம் நின்று நானே அழைத்தேன்.

இந்த முறை பயிற்சி அம்மாவே பேசினார். பெண்கள் டீமின் பயிற்சிக்கு இருபத்து நாலு பேரை எடுக்கிறோம், அதில் இவளும் ஒருத்தி, இரண்டு மாதம் அங்கேயே தங்க வேண்டும், அதற்குப் பிறகுதான் டீமில் யார் என்று முடிவு என்றார். நாளைக் காலை எட்டு மணிக்கு வீட்டார் ஒருவர் வந்து கையெழுத்துப் போட வேண்டும், வராவிட்டால் அடுத்த பெயரைக் கூப்பிடுவேன் என்றும் சொன்னார். எதற்காக எடுத்தீர்கள் என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் சிரித்தார். தரையோடு ஆடிய ஏழு பந்துக்காக என்றார். எட்டாவதைப் போலத் தூக்கி அடிக்கவும் அவளுக்கு வரும் என்று தெரிந்துவிட்டது, ஓடாமல் நிற்க மட்டும் பழக்க வேண்டும் என்றார்.

லயத்துக்குப் போனபோது அக்கா மலையிலிருந்து வந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். மகளின் முதுகைத்தான் முதலில் பார்த்தாள். ஊசிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, துணியை மடித்து, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். சந்தோஷப்பட்டாள். ரொட்டி தட்டினாள். தட்டிக்கொண்டிருக்கும்போதே கை நின்றது.

ரெண்டு மாசம் தனியாக விடமாட்டேன் என்றாள். அதில் கோபம் ஒன்றும் இல்லை. மச்சான் கொழும்பில் ஹோட்டல் வேலை, தீபாவளிக்குத்தான் வருவார். அக்கா வேலையை விட்டுப் போனால் தோட்டம் கொடுத்த இந்த லயத்து அறையே கையில் இருக்குமா தெரியாது. ஊர் தெரியாத இடத்தில், மொழி சரியாக வராத இடத்தில், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது என்றாள். துணைக்கு நிற்க மிச்சம் இருந்தது நான் ஒருத்தன்தான். நான் அங்கே முன்னே வேலை செய்த கதை அவளுக்குத் தெரியும். விட்டு ஓடிய கதையும் தெரியும்.

“தம்பி, ஒன்னு கேப்பேன், கோவிச்சுக்காத. ஒரே எடத்துல நீ ஒரு தீவாளியும் அடுத்த தீவாளியும் பாத்திருக்கியா?”

“இல்லக்கா.”

மன்னாரில் நாலு மாதம். ராகலையில் மரக்கறி லொறியில் ஏழு வாரம். அதுவும் போன கிழமை விட்டுவிட்டுத்தான் அக்கா வீட்டுக்கு வந்திருந்தேன். எனக்கு வேலை பிடிக்காமல் போவதில்லை. ஒரு நாள் காலையில் எழும்பும்போது கால் வேறு பக்கம் இருக்கும். அவ்வளவுதான்.

பிள்ளை வெளியே தண்ணீர் விழும் பீலியடியில் சப்பாத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். திருப்பிக் கொடுக்க வேண்டிய சப்பாத்து. எங்கள் பேச்சு அவளுக்குக் கேட்டிருக்கிறது. கழுவுவதை நிறுத்தாமலே சொன்னாள்.

“மாமாவ கட்டிப் போட்டுட்டு நான் போக வேணாம்மா.”

என்னிடம் யாரும் எதையும் கேட்டு வாங்கியதில்லை. கேட்டாலும் கொடுக்க ஒன்றும் இருந்ததில்லை. வேண்டாம் என்று ஒருத்தி சொன்னது அதுதான் முதல் தடவை. நான் வெளியே போய், ஒரு சப்பாத்தை அவள் கையிலிருந்து வாங்கி, உள்ளே அடைத்திருந்த ஈரத் துணியைப் பிடுங்கி எறிந்தேன். புதிசா அடைக்கணும், இது காயாது என்றேன். அவள் என்னைப் பார்த்தாள்.

அக்கா வாசலில் வந்து நின்று முடிவைச் சொன்னாள்.

“அந்தப் பெரியவர்கிட்ட போய் வேலைய கேளு. குடுத்தாருன்னா புள்ள நிக்கட்டும். குடுக்கலன்னா ரெண்டு பேரும் பொழுது சாய வீட்டுக்கு வந்துருங்க.”

சப்பாத்துக்காரப் பையனிடம் இன்னும் இரண்டு மாதம் கேட்க வேண்டியிருந்தது. அவன் கொடுத்தான். டீமில் சேர்ந்தால் தனக்கு ஒரு சட்டை வேண்டும் என்றானாம்.

மறுநாள் ஏழரை மணிக்கு மைதானத்தில் இருந்தோம். அவள் கேட்டுக்குள்ளே போகாமல் பையோடு சுவரோரம் நின்றுகொண்டாள். நான் மட்டும் போனேன். பெரியவர் உருளைக்குப் பக்கத்தில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து எழும்பவும் இல்லை, திட்டவும் இல்லை.

“மல்லி, ஆயெத் ஆவாத?” என்றார். தம்பி, திரும்பவும் வந்தாயா என்று.

வந்தேன் என்றேன். வேலை கேட்டேன். எத்தனை நாளைக்கு என்றார். பொய் சொல்ல நிறைய வாய்ப்பு இருந்தது. எனக்காகக் கேட்டால் நானே என்னை நம்பமாட்டேன், அந்தப் பிள்ளை இங்கே இருக்கும் வரைக்கும் என்று சொல்லி, கேட்டுக்கு வெளியே கையைக் காட்டினேன். அவர் எட்டிப் பார்த்தார்.

பந்து எடுக்கப் போன பிள்ளையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தேத்தண்ணீரை முடித்து, கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். ஆறு வருடமாக அந்தக் கானில் பந்து தொலைக்கிறோம், அன்றைக்கே தேடி எடுத்துக்கொண்டு வந்த ஒரு ஆளை நேற்றுத்தான் பார்த்தேன், நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன் என்றார். சாமான் அறைக்குள் போய் ஒரு வளைந்த கத்தியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கயிற்றிலிருந்து கான் வரைக்கும் புதரை வெட்டு, மழை வந்தால் ஓடி வா, உன் மூலை அப்படியே இருக்கிறது என்றார்.

நான் கேட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தாள். கையெழுத்தை நான்தான் போட்டேன். என் கையெழுத்து இரண்டு எழுத்துத்தான். அந்தத் தாளில் அதற்கு நிறைய இடம் விட்டிருந்தார்கள்.

பத்து மணிக்குள் முட்கீறல் முழங்கை வரை வந்துவிட்டது. புதருக்குள் ஐந்து பந்து கிடைத்தது. ஒன்றின் தையலுக்குள் புல் வேர் விட்டிருந்தது. ஆடுகளத்தில் பிள்ளைகள் முறை வைத்து மட்டை பிடித்தார்கள். அவள் முறை எப்போது வந்தது என்று நான் கவனிக்கவில்லை. அந்தக் கதவுச் சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தேன். பந்து மேலே வந்துகொண்டிருந்தது. அவள் மட்டையைக் கீழே போடவில்லை. கால் மட்டும் இரண்டு எட்டு முன்னால் வந்தது. அங்கே நின்றாள். பயிற்சி அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். அவள் பின்னால் நடந்து போய் மட்டையைக் கோட்டுக்குள் வைத்தாள். ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

“மாமா, கானுக்கு இந்தப் பக்கம். அந்த ரெட்டைச் செடிக்கு அடியில.”

குனிந்து பார்த்தேன். பந்து அங்கேதான் கிடந்தது.